'வளர்ச்சி இல்லை' என்ற றிப்போர்ட்டை எவ்வளவு நம்பலாம்?

நீங்கள் எழுதியதை நான் விளங்கிக்கொண்ட அளவில் முதலில் சொல்லிவிடுகிறேன். வன்னியில் ஒரு வைத்தியசாலை மருந்தகத்தில் வேலை செய்கிறீர்கள். குழந்தைகள் பிரிவுக்காக 5 சதவீத டெக்ஸ்ரோசையும் 50 சதவீத டெக்ஸ்ரோசையும் (குளுக்கோஸ் கரைசல்) கலந்து 10 சதவீதமாக்கிக் கொடுக்கிறீர்கள். வெளியிலிருந்து வரத்துக் குறைந்த நாட்களில், அங்கேயே காய்ச்சி வடித்த நீரில் உப்புக் கரைத்து, ஓட்டோகிளேவில் (அமுக்க நீராவியால் கிருமியழிக்கும் பாத்திரத்தில்) வைத்துச் சேலைனும் செய்திருக்கிறீர்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு போத்தல் ஆய்வுகூடத்துக்குப் போகிறது. அவர்கள் அதில் கொஞ்சத்தை இரத்த வளர்ப்புப் போத்தலில் விட்டு, ஐந்து நாள் வைத்துப் பார்த்து, 'வளர்ச்சி இல்லை' என்று எழுதித் தருகிறார்கள். அப்படி நல்ல றிப்போர்ட் வந்த சேலைனை ஏற்றிய அரை மணித்தியாலத்தில் ஒருவர் குலைப்பன் கண்டவர்போல் நடுங்கியிருக்கிறார். ஆய்வுகூடம் பொய் சொல்கிறதா, நோயாளிக்கு வேறு ஏதாவதா, இந்தச் சோதனை போதுமா என்று கேட்கிறீர்கள்.

சோதனை போதாது. ஆனால் ஆய்வுகூடம் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு அவர்கள் பதில் தந்திருக்கிறார்கள். கேட்கப்பட்ட கேள்விதான் சின்னது. 'இந்தப் போத்தலிலிருந்து எடுத்த இந்தச் சில மில்லிலீற்றரில், இந்த ஊடகத்தில் (கிருமி வளர்க்கும் உணவுக் கரைசலில்), இந்த வெப்பநிலையில், ஐந்து நாளில் எதுவும் வளர்ந்ததா?' என்பதுதான் அது. நீங்கள் அந்தப் பதிலை 'தொகுதி முழுவதும் சுத்தம், ஏற்றினால் ஒன்றும் வராது' என்று வாசித்திருக்கிறீர்கள். இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் பெரிது.

நான் மருந்தாளர் அல்ல. ஆய்வுகூடத்தில் நுண்ணுயிரியல் பக்கம் நின்று தலை நரைத்தவன். அதில் பல வருடம் ஏ9 வீதியின் இரு பக்கத்திலும்தான் கழிந்தது. அதனால் பற்றீரியா பற்றியும் சோதனை பற்றியும் உறுதியாகப் பேசுவேன். எந்தக் கரைசலை வைத்தியசாலையில் செய்யலாம், எதற்கு அனுமதி வேண்டும் என்பதை உங்கள் பிரதம மருந்தாளரிடம் கேளுங்கள்.

எண்ணிக்கையிலிருந்து தொடங்குவோம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மைதான், ஏனென்றால் பானை ஒன்று, தீ ஒன்று, தண்ணீர் ஒன்று. நாற்பது போத்தல் நிரப்பினால் அது நாற்பது பானை. பதினேழாவது போத்தலை மூடும்போது விரல் கழுத்தில் பட்டிருந்தால் அந்தப் பதினேழாவது மட்டும் கெடும். நாற்பதில் நான்கு கெட்டுப்போயிருக்கிறது என்று வையுங்கள். ஒரு போத்தலை எடுத்துச் சோதித்தால், நல்லதே கையில் வரும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூறு. மருந்துத் தரநூலான பார்மகோபியா சொல்வதுபோல் நான்கு எடுத்தாலும் (நூறுக்கு மேற்படாத தொகுதிக்குப் பத்தில் ஒரு பங்கு அல்லது நான்கு, எது கூடவோ அது), நூற்றுக்கு அறுபதுக்குக் கிட்டத் தப்பிவிடும். பெரிய தொழிற்சாலைத் தொகுதியில் நூற்றுக்கு ஒரு போத்தல் கெட்டிருந்தால், இருபது போத்தல் சோதித்தும்கூட நூற்றுக்கு எண்பத்திரண்டு தடவை 'சுத்தம்' என்றே முடிவு வரும். ஆய்வுகூடக்காரனின் கவலையீனம் இதில் இல்லை, வெறும் கணக்கு. சோதனை நன்றாகச் செய்யப்பட்டாலும் இதுதான் நிலை.

போத்தலுக்குள்ளும் இதே கதைதான். 500 மில்லிலீற்றர் போத்தலில் ஐம்பது பற்றீரியா மிதக்கின்றன என்றால், அதிலிருந்து 5 மில்லிலீற்றர் எடுத்தால் பத்தில் ஆறு தடவை உங்கள் ஊசிக்குழலில் ஒன்றுமே வராது. கண்ணால் பார்த்துத் தெளிவாக இருக்கிறதே என்று ஆறுதல்படவும் முடியாது. ஒரு மில்லிலீற்றரில் பத்து இலட்சம் பற்றீரியா இருக்கும் சேலைனும் வெளிச்சத்தில் பிடித்தால் பளிச்சென்று இருக்கலாம். கலங்கியிருந்தால் கட்டாயம் கெட்டது. கலங்காமல் இருந்தால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது.

இரத்த வளர்ப்புப் போத்தல் கெட்ட கருவி அல்ல. பெரிய இடங்களில் உயிர்க்கலங்களால் செய்யும் மருந்துகளைச் சோதிக்கக்கூடத் தானியங்கி வளர்ப்புப் பொறிகளைப் பயன்படுத்துகிறார்கள், முன்கூட்டியே அந்தந்த மருந்துக்கு அது வேலை செய்கிறதா என்று நிரூபித்த பிறகு. உங்கள் ஆய்வுகூடத்தில் அதுதான் கையில் இருக்கிறது, அதைக் கொண்டு செய்கிறார்கள். ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட நல்லது. ஆனால் அந்தப் போத்தல் மனித இரத்தத்தில் நோய் செய்யும் கிருமிக்காக வடிவமைக்கப்பட்டது. 35 முதல் 37 பாகையில் வைப்பார்கள். வடித்த நீரில் குடியிருக்கும் கிருமிகள் சிலவற்றுக்கு அது கொஞ்சம் சூடு கூட, ஐந்து நாள் கொஞ்சம் குறைவு. அந்தப் போத்தலில், அந்தச் சூட்டில், பங்கசுகள் பலவற்றுக்கு ஐந்து நாள் போதாது. காற்றில்லா வகைப் போத்தலில் மட்டும் விட்டிருந்தால் சூடோமோனாஸ் போன்ற, காற்று வேண்டி நிற்கும் கிருமி கண்ணில் படாமலே போய்விடும். எந்த வகைப் போத்தலில் விட்டார்கள் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பங்கசை அலட்சியம் செய்யக்கூடாது என்பதற்கு 2012இல் அமெரிக்காவில் நடந்தது ஒன்று போதும்: ஒரு கலவை மருந்தகம் தயாரித்த, முள்ளந்தண்டுப் பக்கம் போடும் ஸ்டீரொயிட் ஊசியில் பங்கசு கலந்து, எழுநூறுக்கு மேற்பட்டவர்கள் நோயாகி, அறுபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

சரி, முறையான சோதனை எப்படி இருக்கும்? போத்தலில் உள்ளதை 0.45 மைக்ரோமீற்றர் துளையுள்ள மென்தாள் வடிகட்டி ஒன்றினூடாக இழுப்பார்கள். கரைசல் போய்விடும், கிருமி தாளில் நிற்கும். ஐந்து மில்லிலீற்றருக்குப் பதிலாக முழுப் போத்தலையும் சோதிக்க முடிவது இதனால்தான். நுண்ணுயிர்க்கொல்லியோ காப்புப் பொருளோ சேர்ந்த மருந்து என்றால், தாளைக் கழுவும் திரவத்தால் நூறு நூறு மில்லிலீற்றராக அலசி, அந்த மருந்தைப் போக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் மருந்தே கிருமியை அடக்கி வைத்து நமக்கு 'வளர்ச்சி இல்லை' என்று காட்டும். பிறகு தாளைக் கிருமியழித்த கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டி, ஒரு பாதியைத் தயோகிளைக்கொலேற் ஊடகத்திலும் மறு பாதியைச் சோயா-கேசின் ஊடகத்திலும் போடுவார்கள். முதலாவது 30 முதல் 35 பாகையில், இரண்டாவது 20 முதல் 25 பாகையில், இரண்டும் பதினான்கு நாள்.

அந்த 20 முதல் 25 பாகை என்பது வன்னியில் சிரிப்பூட்டும் விடயம். குளிர்நாட்டில் எழுதிய புத்தகம் அதை 'அறை வெப்பநிலை' என்று நினைத்துவிடும். பங்குனி, சித்திரையில் கிளிநொச்சியில் மதியம் இரண்டு மணிக்கு உங்கள் அறையின் வெப்பமானியைப் பாருங்கள். சாதாரண இன்கியூபேற்றர் சூடாக்கும், குளிராக்காது. குளிரூட்டும் வசதியுள்ளது இல்லையென்றால், இரவும் பகலும் ஏசி ஓடும் ஒரு அறையின் மூலை வேண்டும், அதிலும் கறண்ட் நின்றால் ஜெனரேற்றர் பிடிக்கும் பக்கத்தில். மேசை மேல் வைத்துவிட்டு 'அறை வெப்பநிலை' என்று பதிவேட்டில் எழுதுவது நமது பக்கத்தில் பலர் செய்த பிழை, நானும் செய்திருக்கிறேன்.

தயோகிளைக்கொலேற் குழாயைப் பார்த்திருக்கிறீர்களா? மேலே மெல்லிய இளஞ்சிவப்பு வளையம், கீழே வைக்கோல் நிறம். சிவப்பு என்பது ஒட்சிசன் இறங்கிய இடம். அந்தச் சிவப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியிருந்தால், கொதிநீரில் வைத்து நிறம் போகும்வரை சூடாக்கி, உடனே ஆற்றி, ஒரே ஒரு தரம் மீட்கலாம். இரண்டாம் தரமும் சிவந்தால் எறிய வேண்டியதுதான். வாசிக்கும்போது குழாயைக் குலுக்கக்கூடாது. மெதுவாகச் சாய்த்து, பின்னால் அச்செழுத்து உள்ள தாள் ஒன்றைப் பிடித்து, எழுத்து மங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சில நேரம் கலங்கல் இராது. அடியில் பஞ்சுத்துண்டுபோல் ஒன்று சுழன்று எழும்பும். அது பங்கசு.

இனி நான் வெட்கத்தோடு சொல்லும் கதை. ஒரு வருடக் கோடையில் நான் வேலை செய்த ஆய்வுகூடத்துக்குத் தண்ணீர் பவுசரில்தான் வந்தது. குழாய்களைச் சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவி, மூன்று தரம் அலச வேண்டிய இடத்தில் ஒரு தரம் அலசி, கவிழ்த்து வைத்தோம். அந்தக் குழாய்களில் ஊடகம் ஊற்றி, இரண்டு மாதம் வருகிற மாதிரி எல்லாவற்றுக்கும் 'வளர்ச்சி இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு நாள், பயிற்சிக்கு வந்த பிள்ளைக்குக் கலங்கிய குழாய் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக, மிக ஐதான ஸ்ரபிலோகொக்கசுத் துளியை ஒரு குழாயில் விட்டு வைத்தேன். மூன்று நாளாகியும் தெளிவாக நின்றது. ஒன்பது குழாயில் திருப்பிச் செய்தேன். ஆறு தெளிவு. குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த சவர்க்காரம் கிருமியை வளரவிடவில்லை. அந்த இரண்டு மாத றிப்போர்ட்டுகளும் வெறும் தாள். அனுப்பிய இடங்களுக்கெல்லாம் தொலைபேசி எடுத்துச் சொன்ன அந்தப் பின்னேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அதனால் உங்கள் ஆய்வுகூடத்திடம் முதலில் கேட்க வேண்டியது 'வளர்ந்ததா?' என்பது அல்ல, 'வளரவேண்டியது வளர்ந்ததா?' என்பது. ஊடகத்தின் ஒவ்வொரு தொகுதியிலும், நூறுக்குக் குறைந்த உயிர்க்கலங்களை விட்டால் பற்றீரியா மூன்று நாளுக்குள்ளும் பங்கசு ஐந்து நாளுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியும்படி வளர வேண்டும். இதற்கு விலையுயர்ந்த எதுவும் தேவையில்லை. பற்றீரியாவுக்கு, மருந்துணர்திறன் சோதனைக்காக வைத்திருக்கும் கட்டுப்பாட்டுக் கிருமிகளோடு தொடங்கலாம். 0.5 மக்ஃபார்லன்ட் (கலங்கலை அளக்கும் நியம அளவு) கலங்கலில் ஒரு மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 15 கோடி பற்றீரியா இருக்கும். அதைப் பத்துப்பத்தாக ஆறு தடவை ஐதாக்கினால் மில்லிலீற்றருக்கு 150 அளவு வரும். அதில் அரை மில்லிலீற்றர் விடுங்கள். இன்னொரு குழாயில் அதே அளவு கிருமியோடு உங்கள் மருந்தையும் சேர்த்து விடுங்கள். முதல் குழாய் கலங்கி இரண்டாவது தெளிவாக நின்றால், உங்கள் மருந்து சோதனையைக் கெடுக்கிறது என்று பொருள். 50 சதவீத டெக்ஸ்ரோசில் இது நடக்கலாம். சாதாரண சேலைனில் நடக்க வழியில்லை.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. ஒரு சோளகக் காலத்தில் எனக்கு ஆறு குழாயில் மூன்று கலங்கியது. வளர்ந்தது பசிலஸ், மண்புழுதிக் கிருமி. மருந்தகத்துப் பிள்ளைகள் அழுவாரைப்போல் வந்து நின்றார்கள். விசாரித்தால், நான் மாதிரியைத் திறந்த நேரம் புழுக்கம் தாங்காமல் உதவியாளர் மின்விசிறியைப் போட்டிருக்கிறார். அதே நேரம் திறந்து வைத்த வெற்றுக் குழாயிலும் அதே கிருமி வளர்ந்திருந்தது, அதனால்தான் தைரியமாக அந்தச் சோதனையை இரத்துச் செய்தேன். அந்த வெற்றுக் குழாய் இல்லாமல் 'அது விசிறிப் புழுதியாக இருக்கும்' என்று சொல்லித் தப்பியிருந்தால் அது மோசடி. தோலில் வாழும் ஸ்ரபிலோகொக்கசு வந்தால் கை, பசிலஸ் வந்தால் புழுதி, கிராம்-எதிர் கோல்கள் (கிராம் சோதனையின் ஊதாச் சாயம் பிடித்து நிற்காத கோல்வடிவப் பற்றீரியா) வந்தால் தண்ணீர் என்று நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். அது தேடத் தொடங்குவதற்கு நல்லது, தீர்ப்புச் சொல்லப் போதாது. யாருடைய கை என்பதைக் கிருமி சொல்லாது.

இனி அந்த நடுக்கம். இங்கேதான் 'வளர்ச்சி இல்லை' என்பதும் 'நோயாளி நடுங்கினார்' என்பதும் ஒன்றோடொன்று மோதாமலே உண்மையாக இருக்க முடியும். கிராம்-எதிர் பற்றீரியாவின் புறச்சுவரில் எண்டொடொக்சின் என்ற பொருள் இருக்கிறது. கிருமியை ஓட்டோகிளேவில் கொன்றாலும் அந்தப் பொருள் அழிவதில்லை. 121 பாகை அதற்கு ஒன்றுமே இல்லை. கண்ணாடிப் பாத்திரத்தில் அதை அழிக்க 250 பாகை உலர்வெப்பத்தில் அரை மணித்தியாலம் வேண்டும். 0.22 மைக்ரோமீற்றர் வடிகட்டியினூடாகவும் அது போய்விடும். காலையில் வடித்த நீரை ஒரு கலனில் விட்டுவிட்டு, மறுநாள் சேலைன் செய்தீர்கள் என்று வையுங்கள். அந்த ஒரு இரவில் நம்முடைய சூட்டுக்கு நீரில் கிருமி பெருகும். நீங்கள் அதை ஓட்டோகிளேவில் வைத்துக் கொல்கிறீர்கள். சோதனைக்குழாயில் வளர உயிருள்ளது ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் பிணங்களின் சுவர் அப்படியே கரைசலில் இருக்கிறது. அதை நாளத்தில் ஏற்றினால் அரை மணி, ஒரு மணித்தியாலத்தில் நடுக்கம், பிறகு காய்ச்சல்.

அளவு தெரிந்தால் இன்னும் விளங்கும். மனிதருக்கு ஒரு மணித்தியாலத்தில் ஒரு கிலோ உடல் நிறைக்கு 5 எண்டொடொக்சின் அலகு வரை ஏற்றலாம் என்பது எல்லை. ஐம்பது கிலோ உள்ளவருக்கு மணிக்கு 250 அலகு. பெரிய போத்தல் சேலைனுக்கு அனுமதி மில்லிலீற்றருக்கு 0.5 அலகு. 500 மில்லிலீற்றரை ஒரு மணித்தியாலத்தில் ஓடவிட்டால் சரியாக 250. விளிம்பில் நிற்கிற கணக்கு. ஊசி மருந்துக்கான நீருக்கு எல்லை இன்னும் இறுக்கம், 0.25.

இதைச் சோதிக்க வளர்ப்பு ஊடகம் உதவாது. குதிரைலாட நண்டின் இரத்தக் கலங்களிலிருந்து எடுக்கும் லைசேற் என்ற பொருளால் செய்யும் சோதனை வேண்டும். எளிய வகை ஜெல் சோதனைதான்: சிறு குழாயில் 0.1 மில்லிலீற்றர் மாதிரி, 0.1 மில்லிலீற்றர் லைசேற், 37 பாகையில் ஆடாமல் அசையாமல் ஒரு மணித்தியாலம். பிறகு குழாயை ஒரே சீராகத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். உள்ளே உள்ளது கட்டியாக அடியில் ஒட்டி நின்றால் எண்டொடொக்சின் இருக்கிறது. வழிந்து விழுந்தால் அந்த அளவுக்கு இல்லை. பக்கத்து மேசையில் யாராவது முட்டினாலும் ஜெல் உடைந்துவிடும், பிறகு திருப்பிச் சேராது. உங்கள் ஆய்வுகூடத்தில் இது இராவிட்டால் மாதிரியை வெளியே அனுப்ப வேண்டி வரும். மருந்துகளின் தரத்தைச் சோதிக்கும் அரச ஆய்வுகூடம் கொழும்பில்தான் இருக்கிறது. மாதிரி ஏ9 வழியே பஸ்ஸில் போவதாக இருந்தால் குளிர்பெட்டியில் போகட்டும், போத்தலைத் திறக்காமல்.

உங்கள் நோயாளியின் நடுக்கத்துக்குக் காரணம் எண்டொடொக்சின்தான் என்று நான் சொல்லவில்லை. சந்தேகப்படுகிறேன், அவ்வளவுதான். சந்தேகத்துக்குக் காரணம் இரண்டு: நேரம் ஒத்துப்போகிறது, அந்தச் சேலைன் உங்கள் வடிநீரில் செய்தது. ஆனால் வயலில் இறங்கி வேலை செய்தவர் எலிக்காய்ச்சலோடு வந்திருந்தாலும் நடுங்குவார். கையில் மூன்று நாளாக இருந்த கனுலாவில் (நாளத்துக்குள் செருகிய சிறு குழாயில்) தொற்று இருந்தால், எதை அதனூடாக ஏற்றினாலும் நடுங்குவார். வேறு மருந்து சேர்த்திருக்கலாம். அல்லது அந்தப் போத்தல் மட்டும் உண்மையிலேயே உயிர்க்கிருமியோடு இருந்திருக்கலாம். சோதித்தது வேறு போத்தல்தானே. அதே தொகுதியில் இன்னொருவரும் நடுங்கினாரா என்று விடுதிப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். ஒருவர் என்றால் நோயாளியிலும் தேடலாம். இருவர் என்றால் போத்தலில் தேட வேண்டும்.

அடுத்த தடவை இப்படி நடந்தால் பெரும்பாலும் நடப்பது என்ன? தாதி ஏற்றத்தை நிறுத்துவார், அது சரி. பிறகு போத்தலைக் குப்பையில் போட்டுவிடுவார். அதைத்தான் தடுக்க வேண்டும். போத்தலையும் குழாயையும் கழற்றாமல், முனையை மூடி, சுத்தமான பைக்குள் இட்டு, நேரம் எழுதி, பிறிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். மற்றக் கையிலிருந்து இரத்த வளர்ப்பு எடுக்க வேண்டும். அதே தொகுதியின் மீதிப் போத்தல்கள் எல்லா விடுதியிலிருந்தும் அன்றைக்கே திரும்ப வர வேண்டும். இதற்குத் தொகுதி இலக்கம் போத்தலில் இருக்க வேண்டும். திகதி மட்டும் எழுதினால், ஒரே நாளில் காலையும் மாலையும் செய்த இரண்டு தொகுதிகள் கலந்துவிடும்.

ஓட்டோகிளேவ் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் கேள்வியில் '15 இறாத்தல் அமுக்கம், 15 நிமிடம்' என்று எழுதியிருந்தீர்கள். அமுக்கமானி அமுக்கத்தைக் காட்டும், வெப்பத்தைக் காட்டாது. உள்ளே சுத்தமான நீராவி மட்டும் இருந்தால் 15 இறாத்தல் என்பது 121 பாகை. காற்றில் பாதி வெளியேறாமல் நின்றால் அதே 15 இறாத்தலில் 112 பாகைதான். காற்று கனமானது, கீழே தங்கும். 1972இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் டெவன்போர்ட் வைத்தியசாலையில் 5 சதவீத டெக்ஸ்ரோஸ் ஏற்றப்பட்ட நோயாளிகள் இறந்தபோது விசாரணையில் வெளிவந்தது இதுதான்: தயாரித்த தொழிற்சாலையின் ஓட்டோகிளேவில் கீழே காற்று தங்கி, அடித்தட்டுப் போத்தல்கள் வேண்டிய சூட்டை அடையாமலே வெளியே வந்திருந்தன. அதோடு, அறை 121ஐத் தொட்ட கணத்தில் 500 மில்லிலீற்றர் போத்தலின் நடுவில் உள்ள நீர் 121ஐத் தொட்டிருக்காது. நேரத்தை அங்கிருந்துதான் எண்ண வேண்டும். போத்தலில் ஒட்டும் கோடு விழும் நாடா, சூடு பட்டது என்று மட்டும் சொல்லும். கிருமியழிந்ததா என்று தெரிய, ஜியோபசிலஸ் வித்திகள் அடைத்த சிறு குப்பியை அடித்தட்டின் நடுவில் வைத்து எடுத்து, 56 பாகையளவில் வளர்த்துப் பாருங்கள். ஊதா மஞ்சளானால் அந்தச் சுற்று முழுவதும் தோல்வி. சோதனைக்கு எடுக்கும் போத்தலையும் கைக்கெட்டும் மேல்தட்டிலிருந்து எடுக்காமல் அடித்தட்டின் மூலையிலிருந்து எடுங்கள்.

டெக்ஸ்ரோஸ் வேறு வகை. எட்டுப் பங்கு 5 சதவீதத்தில் ஒரு பங்கு 50 சதவீதம் என்று கலக்கும்போது இரண்டும் கிருமியற்றவைதான். உள்ளே போவது எதுவானாலும் உங்கள் கையாலும் ஊசியாலும்தான் போகும். கலந்த பிறகு ஓட்டோகிளேவ் இல்லை. ஏற்றப்படுவது எடை குறைந்த பச்சைக் குழந்தைக்கு. கிளெப்சியெல்லா, என்ரரோபக்ரர் போன்றவை டெக்ஸ்ரோசில் அறைச்சூட்டிலேயே ஒரு நாளில் பெருகிவிடும். இதற்குப் பதினான்கு நாள் சோதனை என்பது பொருளில்லாத பேச்சு, முடிவு வரும்போது குழந்தை வீட்டுக்குப் போயிருக்கும். ஆகவே மருந்தைவிட்டு உங்கள் கையைச் சோதியுங்கள். டெக்ஸ்ரோசுக்குப் பதிலாகக் கிருமியற்ற சோயா-கேசின் ஊடகத்தை வைத்துக்கொண்டு, அதே மேசையில், அதே உடுப்போடு, அதே எண்ணிக்கையில் குத்தி, இழுத்து, விட்டு, மூடி, வேலை முடியும் களைத்த நேரத்தில் ஒரு ஒத்திகை செய்யுங்கள். காலையில் புதிதாய் வந்து செய்தால் எல்லோருக்கும் நன்றாகத்தான் வரும். அந்தப் பைகளை முதல் ஏழு நாள் 20 முதல் 25 பாகையிலும் அடுத்த ஏழு நாள் 30 முதல் 35 பாகையிலும் வைத்துப் பாருங்கள். ஒன்றும் கலங்காமல் மூன்று ஒத்திகை தாண்டியவர் மட்டும் குழந்தைகளுக்குக் கலக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திருப்பிச் செய்யட்டும். கலந்ததை முறையான சுத்த அறை இல்லாத இடத்தில் 12 மணித்தியாலத்துக்கு மேல் வெளியிலோ 24 மணித்தியாலத்துக்கு மேல் பிறிட்ஜிலோ வைக்காதீர்கள். அமெரிக்கத் தரநூல் போட்ட கோடு அது; நம்முடைய சூட்டுக்கு நான் வெளியில் வைக்கும் நேரத்தை இன்னும் குறைப்பேன், அது என் பழக்கம், விதி அல்ல.

சேலைனைப் பொறுத்தவரை, வெளியிலிருந்து வரும் தொழிற்சாலைப் போத்தல் கிடைக்கும் நாளில் நீங்கள் செய்வதை நிறுத்திவிடுவதுதான் என் விருப்பம். நிறுத்த முடியாத நாட்களில் நீரை வடித்த அன்றைக்கே பாவியுங்கள். அன்றைக்கே போத்தலில் அடைத்து, அன்றைக்கே ஓட்டோகிளேவில் ஏற்றுங்கள். இரவு தங்கிய நீரை நிலம் கழுவ விடுங்கள்.

இன்னொன்று. நம்முடைய பக்கத்துக் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம், அது வடிகலத்தில் வெள்ளையாய்ப் படியும். அதைப் பலரும் கவனித்துச் சுரண்டிச் சுத்தம் செய்வார்கள். வடிகலத்திலிருந்து சேமிப்புக் கலனுக்குப் போகும் இறப்பர்க் குழாயை யாரும் கவனிப்பதில்லை. அதன் நடுவில் எப்போதும் ஒரு வளைவு தொங்கும், அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் நீர் தங்கும். நாளைக்குப் போனதும் அதைக் கழற்றி, நீளவாக்கில் பிளந்து, உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுவென்றிருந்தால் புதுக் குழாய் போடுங்கள், வளைவு விழாத அளவுக்குக் கட்டையாக வெட்டி. பழையதில் ஒரு துண்டை ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள்.